ஒரு பாட்டில் கலரில் கரும்புக்காரர் பங்கு எவ்வளவு?

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுற்றி வருவோர், பாதி வழியில் தாகத்திற்கு ஒரு கடை முன் நிற்பது வழக்கம். இளநீர், கரும்புச் சாறு, நன்னாரி சர்பத், எலுமிச்சைச் சாறு, பன்னீர் சோடா என்று எல்லாம் அங்கே கிடைக்கும். ஆயினும் பாட்டில் கலர் குடிப்பவர் பொதுவாகக் கேட்பதில்லை. பெயரைச் சொல்லியே கேட்கிறார். ஒருவருக்குப் போவண்டோ வேண்டும், இன்னொருவருக்குத் தம்ஸ் அப் வேண்டும். கேட்டது இல்லையென்றால் அடுத்த கடைக்கு நடப்பவரும் உண்டு.

இந்தப் பிடிப்பு விவசாயப் பெருமக்களுக்குச் சம்பந்தமில்லாத விஷயம் போலத் தோன்றலாம். ஆனால் பாட்டிலுக்குள் இருக்கும் தண்ணீரும் சர்க்கரையும் நிலத்திலிருந்தே செல்கின்றன. கரும்பு பயிரிடும் மாவட்டத்தில் அந்தக் கணக்கைப் பார்க்காமல் இருப்பது நஷ்டமே.

விருதுநகரிலிருந்து வந்த கலர்

காளிமார்க் நிறுவனத்தை 1916-ஆம் ஆண்டு விருதுநகரில் தொடங்கியவர் பி.வி.எஸ்.கே. பழனியப்ப நாடார். கோலி சோடாவும் பல நிறக் கலர்களும் ஊருக்கு ஊர் செய்யப்பட்ட காலம் அது. 1950-களின் இறுதியில் அந்நிறுவனம் திராட்சை மணம் கொண்ட போவண்டோவை வெளியிட்டது. கலியாண வீட்டிலும் திருவிழாக் கடையிலும் அதைக் குடித்து வளர்ந்தவர்கள், இன்று பேரன் பேத்திகளுக்கு வாங்கிக் கொடுக்கிறார்கள். மற்ற ஊர்க் கலர்களில் பல மறைந்த பின்னும் இது நிலைத்தது.

2017-ஆம் ஆண்டு இந்தப் பழைய பிடிப்பு திடீரென்று ஒரு போராட்டமாக மாறியது. அதற்கு முந்தைய ஆண்டு வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 60 சதத்திற்கு மேல் குறைந்து, 2017 ஜனவரியில் தமிழகத்தின் 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அதே மாதம் சென்னை மெரினாவில் நடந்த ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில், வெளிநாட்டுக் குளிர்பானங்களைத் தவிர்க்க வேண்டும் என்ற குரலும் எழுந்தது. தமிழ்நாடு வணிகர் சங்கங்களின் பேரமைப்பும், தமிழ்நாடு வணிகர் சங்கப் பேரவையும் மார்ச் 1 முதல் கோக்கோ கோலா, பெப்சி பானங்களை விற்பதில்லை என்று அறிவித்தன. போவண்டோவைத் தேடுவோர் கூடினர். கேட்ட அளவுக்குச் சரக்கு வரவில்லை என்று கடைக்காரர்கள் கூறும் நிலை ஏற்பட்டது.

ஆற்று நீரைப் பற்றிய வழக்கும் அப்போது நடந்து கொண்டிருந்தது. நெல்லை மாவட்டம் கங்கைகொண்டான் சிப்காட் வளாகத்தில் உள்ள குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணி நீர் தரக்கூடாது என்று 2016 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. உபரி நீர் மட்டுமே தரப்படுவதாக எதிர்த்தரப்பில் கூறப்பட்டது. 2017 மார்ச் 2-ஆம் தேதி, அதாவது விற்பனை மறுப்பு தொடங்கிய மறுநாளே, அந்த வழக்குகள் தள்ளுபடியாயின.

மறுப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. வாடிக்கைக்காரர் கேட்கும் சரக்கை இல்லையென்று சொல்லிச் சிறு கடைக்காரர் எத்தனை நாள் தாக்குப் பிடிப்பார்? தவிர, கடையில் இருக்கும் குளிர்பெட்டியே பெரிய நிறுவனம் கொடுத்ததாக இருப்பதுண்டு. கோடையில் குளிர்ச்சி இல்லாத கலரை யாரும் தொடமாட்டார்கள் என்பதால், பெட்டி யாருடையதோ விற்பனையும் அவருடையது என்றாகிவிடுகிறது.

நாக்கின் பிடிவாதம்

குடிப்பவர் ஒரு ருசியை எவ்வளவு உறுதியாகப் பற்றிக்கொள்கிறார் என்பதற்கு அமெரிக்காவில் நடந்தது நல்ல உதாரணம். கோக்கோ கோலா நிறுவனம் சுமார் 2 லட்சம் பேரிடம் ருசி பார்த்துக் கருத்துக் கேட்ட பிறகே, 1985 ஏப்ரல் 23-ஆம் தேதி தன் பானத்தின் கலவையை மாற்றியது. ருசி பார்த்தவர்களில் பெரும்பாலோர் புதியதே நன்று என்றனர். ஆனால் கடையில் பழையது கிடைக்காமல் போனதும் கடிதங்களும் தொலைபேசி அழைப்புகளும் குவிந்தன. 79 நாளில், ஜூலை 11-ஆம் தேதி, பழைய கலவை திரும்பி வந்தது.

நம் நாட்டிலும் இதைக் கண்டோம். அந்நியச் செலாவணிச் சட்டப்படி பங்கை 40 சதமாகக் குறைக்க மறுத்து 1977-ல் கோக்கோ கோலா வெளியேறியது. அரசு நிறுவனமான மாடர்ன் புட்ஸ் '77' என்ற பானத்தை வெளியிட்டது. ஆட்சியின் ஆதரவு இருந்தும் அது நிற்கவில்லை. தனியார் வெளியிட்ட தம்ஸ் அப் நின்றது. 1993-ல் திரும்பி வந்த கோக்கோ கோலா அதை விலைக்கு வாங்கியது; வாங்கியவருடைய சொந்தப் பானத்தாலும் அதை ஒதுக்க முடியவில்லை. தேசப்பற்றுக்காக ஒரு முறை வாங்குவார்கள். இரண்டாவது முறை நாக்கு சொன்னால்தான் வாங்குவார்கள்.

பாட்டிலில் கண்ட நஞ்சு

மற்றொரு சர்ச்சை விவசாயிகளை நேராகத் தொடுவது. 2003 ஆகஸ்டில் புது தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், 12 குளிர்பானங்களில் லிண்டேன், டி.டி.டி., மாலத்தியான், குளோர்பைரிபாஸ் ஆகிய பூச்சிக்கொல்லிகளின் எச்சம் இருப்பதாக அறிவித்தது. நிறுவனங்கள் மறுத்தன. சரத் பவார் தலைமையிலான நாடாளுமன்றக் கூட்டுக் குழு 2004 பிப்ரவரியில் மையத்தின் முடிவுகளை ஏற்றது.

நிறுவனங்கள் நீரைச் சரியாகச் சுத்திகரிக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. அது நியாயமானதே. ஆனால் இந்த நஞ்சு நிலத்தடி நீருக்குள் எப்படிப் போயிற்று? குளோர்பைரிபாஸ் என்பது நிலக்கடலை, கரும்பு வயல்களில் கரையானுக்காக நெடுங்காலமாக ஊற்றப்பட்டு வந்த மருந்து. டி.டி.டி. 1989-லும், லிண்டேன் 2013-லும் வயலிலிருந்து விலக்கப்பட்டன. ஆலைக்குச் சுத்திகரிப்புக் கருவி இருக்கிறது. அதே நிலத்தடி நீரைத் தன் கிணற்றிலிருந்து குடிக்கும் உழவர் வீட்டுக் குழந்தைக்கு அது இல்லை. பாட்டிலைச் சோதித்தவர்களைப் போலக் கிணற்றைச் சோதிக்க ஊர்தோறும் ஒருவரும் வரவில்லை.

தொண்ணூறு காசு

இனிக் கணக்குக்கு வருவோம். சாதாரணமாக இவ்வகைப் பானங்களில் 100 மில்லிக்கு 10 முதல் 11 கிராம் சர்க்கரை இருக்கும். 250 மில்லி பாட்டிலுக்குச் சுமார் 26 கிராம். சர்க்கரைக் கட்டுமானம் 9.5 சதம் என்று கொண்டால், இதற்கு ஏறக்குறைய 280 கிராம் கரும்பு வேண்டும். 2025-26 பருவத்திற்கு 9.5 சதமும் அதற்குக் கீழும் கட்டுமானம் உள்ள கரும்புக்கு மத்திய அரசு அறிவித்த விலை குவிண்டாலுக்கு 329 ரூபாய் 5 காசு. ஆக, அந்த ஒரு பாட்டிலில் கரும்பு விவசாயிக்குச் சேருவது சுமார் 90 காசு. வெட்டுக்கூலியும் அதற்குள்தான்.

தண்ணீர்க் கணக்கு இன்னும் வேடிக்கையானது. கரும்புக்குப் பருவம் முழுவதும் சுமார் 2000 மில்லிமீட்டர் நீர் தேவை. ஏக்கருக்கு அது 80 லட்சம் லிட்டர். ஏக்கருக்கு 40 டன் விளைந்தால் ஒரு கிலோ கரும்புக்கு 200 லிட்டர். பாட்டிலில் நாம் காணும் தண்ணீர் கால் லிட்டர்தான். அதன் சர்க்கரைக்காக வயலில் பாய்ந்தது ஐம்பது லிட்டருக்கு மேல். ஆலையின் ஆழ்குழாய்க் கிணற்றைக் குறை கூறுவோர் இந்த ஐம்பது லிட்டரையும் பேச வேண்டும். சொட்டுநீர் போட்ட கரும்புத் தோட்டத்தில் இதில் கணிசமான பகுதி மிஞ்சும். ஆனாலும் 90 காசு அதனால் ஒரு ரூபாய் ஆகிவிடாது.

எலுமிச்சை மலிந்த மாதத்தில்

விலை கூட வேண்டுமானால் விளைபொருள் சர்க்கரையாக மட்டும் போகாமல் பானமாகவே போக வேண்டும். கிரிவலப் பாதையில் இதற்கான சந்தை காலடியில் இருக்கிறது. ஆனால் தொடக்கத்திலேயே காற்றேற்றிய பானத்தில் இறங்குவது உசிதமன்று. இயந்திரச் செலவு ஒருபுறமிருக்க, 2025 செப்டம்பர் 22 முதல் பழச்சாறு கலந்து காற்றேற்றிய பானத்திற்கும் 40 சத வரி. காற்றேற்றாத பழச்சாற்றுப் பானத்திற்கு 5 சதம்.

எலுமிச்சை ஸ்குவாஷ் வீட்டளவிலேயே செய்யக் கூடியது. ஆடி, ஆவணியில் காய் மலிந்து விலை சரியும். பங்குனி, சித்திரையில் அதே காய்க்கு விலை பல மடங்கு ஏறும். மலிந்த மாதத்தில் நன்கு மஞ்சள் நிறமேறிய பழங்களைக் கழுவி, விதை நசுங்காமல் பிழிய வேண்டும். விதை நசுங்கினால் கசப்பு ஏறிவிடும். ஒரு கிலோ சாறுக்கு 2 கிலோ சர்க்கரை, ஒரு லிட்டர் நீர் என்ற அளவில் பாகு காய்ச்சி, வடிகட்டி, நன்றாக ஆறிய பின் சாற்றைக் கலக்கவும். கெடாமலிருக்க, ஒரு கிலோ ஸ்குவாஷுக்கு 0.6 கிராம் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் போதும். சிறிது நீரில் கரைத்துச் சேர்க்க வேண்டும். கை அளவில் போடக் கூடாது, தராசில் நிறுத்தே போட வேண்டும். கொதிநீரில் சுத்தம் செய்து உலர்த்திய பாட்டிலில், மேலே ஓர் அங்குலம் விட்டு நிரப்பி மூடவும். குடிக்கும்போது ஒரு பங்குக்கு மூன்று பங்கு நீர்.

திராட்சையில் செய்பவர்கள் இந்த மருந்தைத் தவிர்க்கவும், நிறம் வெளுத்துவிடும். அதற்குச் சோடியம் பென்சோயேட் ஏற்றது.

மகளிர் குழுக்கள் இதில் செய்யும் பிழை பெரும்பாலும் ஒன்றே. இந்த மாதம் புளிப்பு தூக்கலாகவும், அடுத்த மாதம் தித்திப்பு தூக்கலாகவும் இருக்கும். ஒருமுறை விரும்பிக் குடித்தவர் மறுமுறை அதே ருசியைத் தேடி வந்து ஏமாறுகிறார். எனவே சாறு, சர்க்கரை, நீர் மூன்றையும் ஒவ்வொரு முறையும் நிறுத்துக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு எண்ணும், தயாரித்த தேதியும் லேபிளில் இருக்க வேண்டும்.

கார்த்திகை தீபத்திற்குக் கூட்டம் மிக அதிகம் என்றாலும், அது மழையும் பனியும் உள்ள காலம். குளிர்பானம் குறைவாகவே போகும். சித்ரா பௌர்ணமிதான் இதற்குரிய நாள். அன்றைய விற்பனைக்கு ஆவணியிலேயே சாறு பிழிந்து, பாட்டிலில் இருக்க வேண்டும்.