உரோமில் தனித்த நத்தார்: மூடிய கதவுகளும் திறந்த கதவுகளும்

டிசெம்பர் 24 மாலை. உரோம் நகரின் கடைகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்படுகின்றன. இனிப்புப் பொதிகளோடு சனங்கள் வீடுகளுக்கு விரைகிறார்கள். பேருந்துகளும் நிலக்கீழ் ரயில்களும் வழமையை விட முன்னதாகவே ஓய்ந்துவிடுகின்றன. அதன் பிறகு வீதியில் எஞ்சுபவர்களில் பலர் வீடில்லாதவர்கள், அல்லது வீடு வெகு தொலைவில் இருப்பவர்கள்.

வேலைக்காகவோ படிப்புக்காகவோ வதிவிட அனுமதியை எதிர்பார்த்தோ அங்கே தனித்திருக்கும் ஒருவருக்கு அந்த அமைதி பாரமானது. மாரிகாலத்தில் இலங்கைக்கும் இத்தாலிக்கும் நான்கரை மணி நேர வித்தியாசம். மன்னாரில் நள்ளிரவாகும்போது உரோமில் இரவு 7.30. ஊரில் உள்ளவர்களுக்குத் தொலைபேசியில் வாழ்த்துச் சொல்லி முடித்த பின்னரும் அவருக்கு ஒரு முழு இரவு மிச்சமிருக்கிறது.

ஒன்றை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். அந்தக் கதவுகள் அந்நியர் மீதுள்ள வெறுப்பினால் மூடப்பட்டவை அல்ல. 'நத்தார் உன் வீட்டாரோடு, உயிர்ப்புப் பெருவிழா நீ விரும்பியவரோடு' என்பது இத்தாலியரின் பழமொழி. 24ஆம் திகதி இரவு இறைச்சி தவிர்த்த மீன் உணவு, 25ஆம் திகதி மதியம் நீண்ட குடும்ப விருந்து. 26ஆம் திகதி புனித ஸ்தேவான் திருநாளும் பொது விடுமுறைதான். கொலோசியம் 25ஆம் திகதியும், வத்திக்கான் அருங்காட்சியகங்கள் 25, 26ஆம் திகதிகளிலும் மூடப்பட்டிருக்கும். எனவே தனியாக இருப்பவர் தேவையான உணவை 24ஆம் திகதி பகலிலேயே வாங்கி வைப்பது நல்லது.

ஆனால் ஆலயங்கள் திறந்திருக்கும். பாலன் குடில் வைக்கும் வழக்கத்தின் வேர் இத்தாலியில்தான் இருக்கிறது. 1223இல் கிரேச்சோ என்ற மலைக்கிராமத்தில் அசிசியின் புனித பிரான்சிஸ் வைக்கோலும் மாடும் கழுதையும் கொண்டு பெத்லகேம் தொழுவத்தை மக்கள் கண்முன் கொண்டுவந்தார். இன்றும் அங்கே குடிலில் பாலன் படுக்கும் இடத்தை 24 நள்ளிரவு வரை வெறுமையாகவே விட்டுவைப்பது வழக்கம். 25 நண்பகலில் புனித பேதுரு சதுக்கத்தில் பாப்பரசர் வழங்கும் ஆசீரைப் பெற நுழைவுச்சீட்டுத் தேவையில்லை. மதம் பாராது எவரும் போய் நிற்கலாம்.

இன்னொரு கதவும் உண்டு. திராஸ்தேவெரே பகுதியிலுள்ள புனித மரியாள் பேராலயத்தில் 1982இல் சந்த் எஜிதியோ சமூகத்தினர் ஏறத்தாழ இருபது பேருக்கு நத்தார் விருந்து வைத்தார்கள். வறியவர்களும் தனித்தவர்களும் ஆலயத்தின் உள்ளேயே மேசையில் அமர்ந்து சாப்பிட்டார்கள். இன்று அந்த விருந்து பல நாடுகளில் நடக்கிறது. விருந்தாளிகள் பெயர் சொல்லி அழைக்கப்படுகிறார்கள். பரிசுப் பொதியிலும் அவர்களுடைய பெயர் எழுதப்பட்டிருக்கும். பரிமாறுபவர்களும் அவர்களோடு கூட அமர்ந்து உண்கிறார்கள். படிவங்களிலும் வரிசை இலக்கங்களிலும் காலம் கழிக்கும் ஒருவருக்குத் தன் பெயரைக் கேட்பது சிறிய விடயமல்ல.

போரை அறிந்த நமக்கு இந்தச் சமூகத்தைப் பற்றிய இன்னொரு தகவலும் முக்கியமானது. மொசாம்பிக்கின் நீண்ட உள்நாட்டுப் போரை முடிவுக்குக் கொண்டுவந்த பேச்சுவார்த்தைகள் இவர்களின் மத்தியஸ்தத்தோடு உரோமில்தான் நடந்தன. 1992 ஒக்டோபர் 4ஆம் திகதி அங்கேயே ஒப்பந்தம் கைச்சாத்தானது.

உரோமில் எங்கே உண்ணலாம், எங்கே உறங்கலாம், எங்கே குளிக்கலாம் என்று கூறும் சிறு கைநூலையும் அவர்கள் ஆண்டுதோறும் வெளியிட்டு இலவசமாகக் கொடுக்கிறார்கள். விருந்தைப் பற்றி 25ஆம் திகதி காலையில் தேடுவதை விட, சில நாட்களுக்கு முன்பே விசாரிப்பது நல்லது. போய்க் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஊரில் இருப்பவர்களும் ஒன்று செய்யலாம். நள்ளிரவு வாழ்த்தோடு நிறுத்திவிடாமல், 25ஆம் திகதி மாலை 5.30 அளவில் இன்னொரு முறை அழையுங்கள். அப்போது உரோமில் மதியம் ஒரு மணி. ஊரே மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் நேரம். 'சாப்பிட்டியா?' என்று மட்டும் கேட்காமல், 'ஆரோட சாப்பிட்டனி?' என்றும் கேளுங்கள்.