4,000 கிலோ இழுக்கும் எஸ்யூவி, 15 கிலோவில் திணறுவது ஏன்? டிராவல் டிரெய்லர் கட்டும் முன் பார்க்க வேண்டிய ஸ்டிக்கர்

அமெரிக்காவில் கோடை விடுமுறை தொடங்கினால் போதும், வீட்டையே பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போகும் கார்களை நெடுஞ்சாலையில் பார்க்கலாம். படுக்கை, அடுப்பு, ஃப்ரிட்ஜ், கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் 'டிராவல் டிரெய்லர்'. ஷெவர்லே சபர்பன், ஃபோர்டு எக்ஸ்பெடிஷன் மாதிரி பெரிய எஸ்யூவி வைத்திருப்பவர்களுக்கு இது ரொம்ப வசதி. ஹோட்டல் செலவு மிச்சம். யெல்லோஸ்டோனில் உட்கார்ந்து சாம்பார் சாதம் சாப்பிடலாம். அங்கே செட்டிலான நம் ஊர்க்காரர்களும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள்.

பெரும்பாலான மாநிலங்களில் குடும்ப சைஸ் டிரெய்லருக்குத் தனி லைசென்ஸ் வேண்டாம். சாதாரண கார் லைசென்ஸ் போதும். சிக்கலும் அங்கதான் ஆரம்பிக்குது. யாரும் கணக்குச் சொல்லித் தராமலே மூன்று டன்னைப் பின்னால் மாட்டிக்கொண்டு ஹைவே ஏறிவிடலாம்.

விளம்பரத்தில் வரும் எண்

'இந்த வண்டி 9,000 பவுண்ட் இழுக்கும்' என்பார்கள். அதாவது சுமார் 4,080 கிலோ. இது பொய் இல்லை. பெரும்பாலான கம்பெனிகள் இந்த எண்ணை 'ஜே2807' என்ற பொதுவான தரநிலைப்படி கணக்கிடுகின்றன. அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகே சுமார் 18 கி.மீ. நீளமுள்ள மலையேற்றம் ஒன்று இருக்கிறது. கொளுத்தும் வெயிலில், ஏசியை முழுசாக வைத்துக்கொண்டு, குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே போகாமல் அந்த ஏற்றத்தை ஏற வேண்டும் என்பது அந்தத் தரநிலையின் ஒரு பகுதி. கடுமையான சோதனைதான்.

ஆனால் அந்தக் கணக்கில் வண்டிக்குள் இருப்பது இரண்டே பேர். தலைக்கு 68 கிலோ. குழந்தைகள் இல்லை, கூலர் பாக்ஸ் இல்லை, ஊரிலிருந்து வந்த அம்மா அப்பா இல்லை.

கதவில் இருக்கும் எண்

டிரைவர் கதவைத் திறந்தால், கதவுச் சட்டத்தில் டயர் பிரஷர் எழுதிய ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். அதில், வண்டியில் ஏறும் ஆட்கள், சாமான் இரண்டும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று போட்டிருக்கும். இதுதான் பேலோடு. சன்ரூஃப், மூன்றாவது வரிசை சீட் என்று ஆப்ஷன்கள் கூடக்கூட இது குறையும். அதனால் பக்கத்து வீட்டுக்காரரிடம் அதே மாடல் இருந்தாலும் அவர் எண் உங்களுக்கு ஆகாது.

டிரெய்லர் தனியாகத்தானே உருளுது, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. டிரெய்லரின் முன்முனை உங்கள் வண்டியின் கொக்கி மேல் உட்கார்ந்து கீழே அழுத்துகிறது. இந்த எடைக்குப் பெயர் 'டங் வெயிட்'. டிரெய்லரின் மொத்த எடையில் இது 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். இந்த எடையை முழுக்கச் சுமப்பது உங்கள் எஸ்யூவி. எனவே இதுவும் பேலோடு கணக்கில்தான் சேரும்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஸ்டிக்கரில் 680 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரெய்லர், சாமான்களோடு 3,000 கிலோ. விளம்பர எண்ணைப் பார்த்தால் இன்னும் ஆயிரம் கிலோவுக்கு மேல் இடம் இருக்கிறது. இப்போது டங் வெயிட் 13 சதவீதம், அதாவது 390 கிலோ. மீதி 290. கொக்கி அமைப்பே ஒரு 40 கிலோ வரும். மீதி 250. கணவன், மனைவி, டீன் ஏஜில் இரண்டு பிள்ளைகள் சேர்த்து 235 கிலோ.

மிச்சம் 15 கிலோ! ஒரு சூட்கேஸ் வைத்தால் முடிந்தது. அம்மா அப்பாவையும் ஏற்றினால் நூறு கிலோவுக்கு மேல் ஓவர்லோடு. வண்டி அப்போதும் இழுக்கும், இன்ஜின் முனகக்கூட முனகாது. தாங்க முடியாமல் தவிப்பது பின் டயர்கள், பின் ஆக்ஸில், சஸ்பென்ஷன். எஸ்யூவியின் சஸ்பென்ஷன் சொகுசுக்காக மென்மையாகச் செய்யப்படுவது என்பதால், பின்பக்கம் இறங்கி முன்பக்கம் லேசாகும். ஸ்டீயரிங் பிடிமானமும் முன் சக்கர பிரேக்கும் அங்கேதான் குறைகின்றன.

இதற்குத்தான் 'வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்' என்ற கம்பி அமைப்பு. எடையில் ஒரு பகுதியை முன் சக்கரங்களுக்கும் டிரெய்லர் சக்கரங்களுக்கும் தள்ளிவிடும். நல்ல சாதனம், பெரிய டிரெய்லருக்குக் கட்டாயம் என்றே சொல்வேன். ஆனால் இதைப் போட்டால் கதவு ஸ்டிக்கர் எண் கூடிவிடும் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். கூடாது.

அப்போ டங் வெயிட்டைக் குறைத்துவிட்டால்?

எல்லோருக்கும் தோன்றும் ஐடியா இது. சாமானை டிரெய்லரின் பின்பக்கம் வைத்தால் கொக்கி மேல் அழுத்தம் குறையுமே! குறையும். கூடவே உயிருக்கு உலை வைக்கும்.

டிரெட்மில் மேல் பொம்மை காரும் டிரெய்லரும் ஓடும் வீடியோ ஒன்று இணையத்தில் பிரபலம். எடை முன்னால் இருக்கும்போது டிரெய்லரை விரலால் தட்டினால் இரண்டு முறை ஆடி நேராகிவிடும். அதே எடையைப் பின்னால் நகர்த்தித் தட்டினால், ஆட்டம் கூடிக்கொண்டே போய் காரையும் சேர்த்துச் சுழற்றிவிடும். நிஜச் சாலையில் இதற்குப் பெயர் 'ஸ்வே'. அங்கே விரலுக்குப் பதில் பக்கத்தில் கடந்து போகும் லாரியின் காற்று, குறுக்குக் காற்று, இறக்கத்தில் கூடிய வேகம்.

பின் பம்பரில் மாட்டும் சைக்கிள் ஸ்டாண்டு இந்த வகையில் ஒரு வில்லன். தண்ணீர்த் தொட்டியும்தான். 150 லிட்டர் என்றால் 150 கிலோ. அது ஆக்ஸிலுக்குப் பின்னால் இருந்தால் டங் வெயிட்டைக் குறைக்கும், முன்னால் இருந்தால் கூட்டும். உங்கள் டிரெய்லரில் எங்கே இருக்கிறது என்று கேட்காமல் நிரப்ப வேண்டாம்.

ஸ்வே வந்துவிட்டால்? முதலில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள், ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பாதீர்கள். கால் பிரேக்கை அழுத்தத் தோன்றும், அழுத்தாதீர்கள். டேஷ்போர்டில் இருக்கும் பிரேக் கன்ட்ரோலரின் லீவரைக் கையால் மெதுவாக இயக்கினால் டிரெய்லரின் பிரேக் மட்டும் பிடிக்கும், பின்னாலிருந்து இழுத்து நேராக்கும். வேகம் கூட்டித் தப்பிக்கலாம் என்பது யாரோ கிளப்பிவிட்ட கதை. இந்தக் கன்ட்ரோலர் எல்லா எஸ்யூவியிலும் இருக்காது, வாங்கும்போதே கேட்க வேண்டும். கலிபோர்னியாவில் 680 கிலோ, அதற்கு மேல் எடையுள்ள டிரெய்லருக்குத் தனி பிரேக் இருந்தே ஆக வேண்டும். அங்கே டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு உச்ச வேகமும் மணிக்கு 55 மைல்தான், அதாவது 88 கி.மீ.

எடையை எப்படித் தெரிந்துகொள்வது?

புரோஷரில் இருப்பது காலி டிரெய்லரின் எடை. பாத்திரம், கேஸ் சிலிண்டர், தண்ணீர், துணி எல்லாம் சேர்ந்தால் சில நூறு கிலோ எளிதாக ஏறிவிடும். அமெரிக்க ஹைவே ஓர டிரக் ஸ்டாப்களில் லாரிகளுக்கான எடைமேடை இருக்கும். காசு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் ஏற்றலாம். முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில், டிரெய்லர் என்று மூன்று எண்கள் தனித்தனியாக வரும். ஆட்களையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு ஒரு முறை, டிரெய்லரைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை எடை போடுங்கள். இரண்டிலும் வரும் எஸ்யூவி எடையின் வித்தியாசம், கொக்கி வழியாக எவ்வளவு இறங்குகிறது என்று காட்டிவிடும்.

கணக்கு இடித்தால் வழி இரண்டுதான். சின்ன டிரெய்லர் எடுங்கள், அல்லது அம்மா அப்பாவை இன்னொரு காரில் வரச் சொல்லுங்கள். டிரெய்லருக்குள் உட்காரவைத்துவிடலாமே என்று கேட்கக் கூடாது. பல மாநிலங்களில் அது சட்டவிரோதம். அனுமதி இருக்கும் இடத்திலும் உள்ளே பெல்ட் கிடையாது.

கிளம்பிய முதல் 80 கி.மீ.யில் ஒரு முறை நிறுத்தி டிரெய்லரின் வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். ரிவர்ஸை மட்டும் காலியான பார்க்கிங்கில் ஒரு மணி நேரம் பழகிவிட்டு வாருங்கள். ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியில் கையை வைத்து, டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் போதும். பின்னால் ஒருவர் நின்று வழி சொல்லட்டும். அவர் கண்ணாடியில் தெரியவில்லை என்றால், வண்டியை நிறுத்திவிடுங்கள்.