படகை எண்ணினால் போதாது

தமிழ்நாட்டின் மீன்பிடிப் படகுகளையும் இலங்கையின் படகுகளையும் வெறும் எண்ணிக்கையில் ஒப்பிட்டால் பெரிய வேறுபாடு தெரியாது. 2010-ஆம் ஆண்டுக் கடல் மீன்வளக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சுமார் 46,000 கலங்கள் இருந்தன. இலங்கை முழுவதும் சேர்த்தாலும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆனால் பாக் நீரிணையில் எதிர்ப்படும் படகுகள் சமமானவை அல்ல. இங்கிருந்து போவது நூறு குதிரைத்திறனைத் தாண்டும் இழுவைமடி விசைப்படகு. யாழ்ப்பாணம், மன்னார்க் கரைகளிலிருந்து வருவது சிறிய அவுட்போர்டு என்ஜின் பூட்டிய ஃபைபர் படகு.

இந்த இடைவெளி வளர்ந்ததற்கு இலங்கை உள்நாட்டுப் போரும் ஒரு காரணம். 1983-க்குப் பின் வட இலங்கை மீனவர்களுக்குக் கடலுக்குப் போகவே தடைகள் வந்தன. அவர்களின் தொழில் முடங்கியது. அதே ஆண்டுகளில் ராமேஸ்வரத்திலும் நாகப்பட்டினத்திலும் விசைப்படகுகள் பெருகின. இறாலுக்கு ஏற்றுமதிச் சந்தை இருந்தது, கடன் கிடைத்தது. ஆளில்லாத அக்கரைக் கடலை நம்பி இங்கே முதலீடு குவிந்தது. 2009-இல் போர் முடிந்து அந்த மக்கள் கடலுக்குத் திரும்பியபோது, நம் படகுகளுக்குப் போதுமான கடல் நம் பக்கம் இல்லை.

இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1974 ஒப்பந்தப்படி வகுத்த கடல் எல்லைக்கோடு சில இடங்களில் நம் கரையிலிருந்து 10 கடல் மைலுக்கும் உள்ளேயே வருகிறது. கரையை ஒட்டிய 3 கடல் மைல் நாட்டுப்படகுகளுக்கு உரியது. மிச்சமுள்ள அந்தக் கீற்றில் எத்தனை இழுவைமடி இழுக்க முடியும்? ஆழமும் பெரும்பாலும் 15 மீட்டருக்குள்தான். இரண்டு பலகைகள் மடியின் வாயை விரிக்க, சங்கிலி தரையை உரசிக்கொண்டே போகும். இறாலோடு குஞ்சு மீனும் நண்டும் பாசியும் வாரி வரும். விலைபோகாததைச் சங்காயம் என்று ஒதுக்கி, தீவனத்துக்கு அனுப்புவார்கள். இரவில் அக்கரை மீனவர் விரித்துவைத்த வலைமேல் விசைப்படகு ஏறினால் வலை கிழிந்துபோகும், அதோடு அந்தக் குடும்பத்தின் பிழைப்பும் போகும். இலங்கை 2017-இல் இழுவைமடியை முற்றிலும் தடை செய்தது. கைது, படகுப் பறிமுதல், சிறை எல்லாம் அதன்பின் இன்னும் கடுமையாயின. அடிபடுவது நம் மீனவர்தான், அது நெஞ்சைச் சுடுகிறது. ஆனால் நம் படகுத்தொகையின் அளவைப் பேசாமல் கைதுகளை மட்டும் பேசுவது அவர்களுக்கே கெடுதல்.

அதே 2017-இல் இங்கே 2,000 இழுவைப்படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்றும் திட்டம் வந்தது. ஒரு படகுக்கு 80 லட்ச ரூபாய், அதில் 70 விழுக்காடு அரசு மானியம். இலக்கில் சிறு பங்குதான் நிறைவேறியது. நிறைவேறினாலும் ஆழ்கடல் அள்ள அள்ளக் குறையாததா? பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கும் இலங்கைப் படகுகள் பெருகி இந்தியப் பெருங்கடல் முழுதும் பரவின. சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்று 2015-இல் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்கு இறக்குமதித் தடை போட்டது, 2016-இல்தான் விலக்கியது.

காக்களூர்த் தொழிற்பேட்டையில் இருப்பவர்களுக்கு இது தொலைதூரச் செய்தியாகத் தோன்றலாம். ஆனால் நம் திருவள்ளூர் மாவட்டத்துக்கும் கடல் உண்டு. பழவேற்காடு ஏரியில் யார், எந்த நாள், எந்த இடத்தில் வலை போடுவது என்று ஊர்க்காரர்களே முறைவைத்துப் பிரிக்கும் ‘பாடு’ வழக்கம் தலைமுறைகளாக இருக்கிறது. பாக் நீரிணைக்கு இரு கரையும் ஒப்பும் அப்படி ஒரு முறை இல்லை. அது வரும்வரை, பழைய இழுவைப்படகு உடைக்கப்பட்டதை உறுதி செய்யாமல் புதிய படகுக்கு ஒரு ரூபாய் மானியமும் தரக்கூடாது. என்ஜின் திறனையும் மடியின் வகையையும் சேர்த்த படகுக் கணக்கை இரு நாடுகளும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.