தாம்ஹினி மலையில் ஒரு கூட்டல் குறி

புனேயிலிருந்து முல்ஷி ஏரியைக் கடந்து மேற்கே சென்றால் தாம்ஹினி மலைப்பாதை வரும். அங்கே பள்ளத்தாக்குகள் கூட்டல் குறிபோலக் குறுக்கிடும் இடத்தைப் ‘பிளஸ் வேலி’ என்கின்றனர். ஓடையை ஒட்டி நாம் மிதித்து இறங்கும் கரும்பாறை, ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு உறைந்து உருவானது. அதை இவ்வளவு ஆழமாக அறுத்தது மழைநீரே.

அந்நீர் ஆண்டுதோறும் திரும்பி வருகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை, நம் தலைக்கு மேல் வானம் வெளுத்திருந்தாலும், உச்சியில் பெய்த மழை ஓடையைத் திடீர் வெள்ளமாக்கிவிடும். ஆகவே நவம்பர் முதல் பிப்ரவரி வரையே இறங்க உகந்த காலம். அப்போதும் தெளிந்த நீர் சட்டெனக் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, தாமதியாமல் மேட்டில் ஏறிவிடுவோம். உள்ளூர் வழிகாட்டியுடன் சென்று, பொழுது சாயுமுன் மேலேறிவிடுதல் நலம்.