சாளரச் சட்டம் கழற்றிப் பொருள் ஏற்றுதல்

சாளரச் சட்டம் கழற்றிப் பொருள் ஏற்றுதல் என்பது, படிக்கட்டு வழியாகக் கொண்டுபோக முடியாத பெரிய பொருள்களை, சாளரத்தின் கண்ணாடிச் சட்டத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டு அந்தத் திறப்பின் வழியே வீட்டுக்குள் சேர்க்கும் முறையாகும். பியானோ, சோபா, அலமாரி போன்றவை இவ்வாறு ஏற்றப்படுகின்றன. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டம் நகரம் இம்முறைக்குப் பெயர்பெற்றது.

நிலையும் சட்டமும்

சாளரத்தில் இரு பகுதிகள் உண்டு. சுவரோடு பதிக்கப்பட்டது நிலை. கண்ணாடியைத் தாங்கி, அந்த நிலைக்குள் பொருந்தியிருப்பது சட்டம். நிலையைப் பெயர்த்தால் சுவர் சேதமடையும். சட்டத்தைக் கழற்றினால் சுவருக்கு எதுவும் ஆகாது. இம்முறை இந்த வேறுபாட்டை நம்பியே நடக்கிறது.

கழற்றும் விதம்

கீல் வைத்த சட்டமானால் கீலின் ஆணியையோ திருகாணிகளையோ எடுத்தால் போதும். மேலும் கீழும் நகரும் சட்டம் சற்றுச் சிக்கலானது. கீழ்ச்சட்டத்தை மேலே தள்ளினால் அது மேற்சட்டத்தை ஒட்டி நிற்கும். எனவே பாதித் திறப்புதான் கிடைக்கும். முழுத் திறப்பு வேண்டுமானால் இரண்டையும் கழற்ற வேண்டும்.

முதலில் உட்புறத்தில் சட்டத்தைப் பிடித்திருக்கும் மெல்லிய மரப்பட்டிகள் (பீடிங்) நெம்பி எடுக்கப்படுகின்றன. பிறகு சட்டம் உள்பக்கமாகச் சாய்த்து வெளியே எடுக்கப்படுகிறது. பழைய சாளரங்களில் சட்டத்தின் இரு பக்கமும் கயிறு இருக்கும். அதன் மறுமுனையில், நிலையின் உள்ளே, இரும்பு அல்லது ஈய எடைக்கட்டி தொங்கும். கயிற்றை அவிழ்க்கும்போது கைவிட்டால் எடைக்கட்டி உள்ளே விழுந்துவிடும். ஆகவே கயிற்றின் நுனியில் முடிச்சுப் போட்டு, அது கப்பியைத் தாண்டாதபடி நிறுத்த வேண்டும்.

ஆம்ஸ்டர்டம் வீடுகள்

ஆம்ஸ்டர்டமில் 17ஆம் நூற்றாண்டில் கால்வாய்க் கரைகளில் கட்டப்பட்ட வீடுகள் முகப்பில் குறுகியும் உள்நோக்கி நீண்டும் இருக்கும். படிக்கட்டுகள் செங்குத்தானவை, ஒடுக்கமானவை. வணிகர்கள் பலர் மேல்தளத்தில் சரக்குகளைச் சேமித்தனர். அதனால் முகப்பின் உச்சியில் வெளியே நீட்டிய உத்திரமும் அதன் நுனியில் கொக்கியும் அமைத்தனர். டச்சு மொழியில் இதன் பெயர் ஹெய்ஸ்பால்க். கொக்கியில் கப்பியை மாட்டிக் கயிற்றால் பொருளைத் தூக்கிச் சாளரத்தின் வழியே உள்ளே இழுத்துக்கொள்வார்கள்.

சில வீடுகளின் முகப்பு தெருப்பக்கம் சற்று முன்சாய்ந்திருக்கும். தூக்கும் பொருள் சுவரில் உரசாமலிருக்க இச்சாய்வு உதவுகிறது. ஆனால் எல்லாச் சாய்வும் திட்டமிட்டதன்று. அடித்தள மரத்தூண்கள் இறங்கியதால் சாய்ந்த வீடுகளும் உண்டு. இக்கால்வாய்ப் பகுதி 2010இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது.

கப்பியின் பங்கு

நிலையான கப்பி விசையின் திசையை மட்டுமே மாற்றும். 100 கிலோ பொருளைத் தூக்க அதன் முழு எடைக்கு ஈடான விசை வேண்டும். இயங்கு கப்பி ஒன்றைச் சேர்த்தால், உராய்வைக் கணக்கில் கொள்ளாதபோது, பாதி விசை போதும்; ஆனால் இருமடங்கு நீளக் கயிற்றை இழுக்க வேண்டும். இன்று பலர் கயிற்றுக்குப் பதிலாக, தெருவில் நிறுத்தும் மின்தூக்கி ஏணியைப் பயன்படுத்துகின்றனர். அப்போதும் சட்டத்தைக் கழற்றும் வேலை குறைவதில்லை.

கவனிக்க வேண்டியவை

* அளக்க வேண்டியது சட்டத்தை அன்று. நிலையின் உள்விளிம்புகளுக்கு இடையிலான அகல உயரங்களை. உள்ளே அடுத்த அறையின் வாசலையும் அளக்க வேண்டும். இல்லையெனில் பொருள் அறைக்குள் வந்தும் பயனில்லாமல் போகும்.
* 4 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்குச் சுமார் 10 கிலோ எடை; அத்தகைய இரட்டைக் கண்ணாடி 20 கிலோ. மாடியில் ஒருவர் தனியாகக் கழற்றக் கூடாது.
* எடுத்த சட்டத்தைத் தரையில் படுக்க வைக்காமல் சுவரில் சாய்த்து நிறுத்த வேண்டும். மரப்பட்டிகளில் பென்சிலால் எண் குறித்தால் திரும்பப் பொருத்துவது எளிது.
* தூக்கும் பொருளுக்குக் கீழே யாரும் நிற்கக் கூடாது. நடைபாதையை மறிக்க வேண்டும்.
* கொக்கி பழையதானால் அதன் உறுதியைத் தகுந்தவர் சோதித்த பின்னரே எடை ஏற்ற வேண்டும்.