சமன்பாட்டின் வலப்பக்கம்

வயலில் வேதியியல் – 9

முத்துப்பேட்டை காவிரியின் கடைமடை. பாமணியாறும் கோரையாறும் அலையாத்திக் காட்டுக்குள் நுழைந்து கடலைச் சேரும் இடம். ஆற்றில் நன்னீர் குறையும் கோடையில், கடல்நீர் எதிரேறி வரும்.

அந்த உப்பு மண்ணில் இரண்டு விதமாகத் தங்கும். ஈரத்தில் கரைந்து கிடந்தால் உவர் நிலம்; நல்ல மழையும் வடிகாலும் இருந்தால் கழுவிக்கொண்டு போய்விடும். களிமண் துகளோடு சோடியம் ஒட்டிக்கொண்டால் களர் நிலம். அதை மழை மட்டும் பெயர்க்காது.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கண்ணாடி டம்ளரில் மழைநீர் பிடித்து, காய்ந்த மண்கட்டி ஒன்றை மெல்ல இறக்குங்கள். கட்டியைச் சுற்றிப் பால் கலந்தாற்போல் கலங்கி, மறுநாளும் தெளியாவிட்டால் சோடியத்தைச் சந்தேகிக்கலாம். ஒரு சிட்டிகை ஜிப்சம் போட்டுக் கலக்கினால் கலங்கல் திரண்டு அடியில் படியும். சோடியம் இருந்த இடத்தைக் கால்சியம் பிடித்துக்கொள்வதன் அடையாளம் அது.

அதன் சமன்பாடு இது:

களியில் ஒட்டிய இரண்டு சோடியம் + ஒரு ஜிப்சம் → களியில் ஒட்டிய ஒரு கால்சியம் + ஒரு சோடியம் சல்பேட் + இரண்டு தண்ணீர்

கால்சியத்தின் மின்னூட்டம் இரண்டு, சோடியத்துக்கு ஒன்று. அதனால்தான் இரண்டுக்கு ஒன்று. எடையைப் போடுங்கள். இடப்பக்கம் 46 + 172 = 218. வலப்பக்கம் 40 + 142 + 36 = 218. களியின் எடை இருபுறமும் ஒன்றே என்பதால் அதை விட்டுவிடலாம். இந்த எடைக் கணக்குக்கு 1792-ல் பெயர் சூட்டியவர் ஜெர்மானிய வேதியியலாளர் எரேமியாஸ் ரிக்டர்.

இனி வயலுக்கு வருவோம். ஒரு ஏக்கரில், அதாவது மூன்று மாவில், மேல் அரை அடி மண் சுமார் 850 டன். ஒரு கிலோ மண்ணிலிருந்து 0.46 கிராம் சோடியத்தை விலக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சமன்பாட்டின்படி அதற்கு 1.72 கிராம் ஜிப்சம். ஏக்கருக்கு 1,462 கிலோ. கடையில் கிடைப்பது 70 சதவீதத் தூய்மை என்றால் ஏறக்குறைய 2,090 கிலோ. 50 கிலோ மூட்டையில் 42.

பலரும் கணக்கை இங்கேயே முடித்துவிடுகிறார்கள். வலப்பக்கத்தையும் படிக்க வேண்டும். அதே வயலில் சுமார் 1,200 கிலோ சோடியம் சல்பேட் பிறந்திருக்கிறது. அது வெளியேறாவிட்டால் போட்ட ஜிப்சத்தின் பலன் நிலைக்காது. லிட்டர் தண்ணீரில் ஜிப்சம் இரண்டரை கிராம் அளவே கரையும். அத்தனையும் கரைய ஏக்கர் முழுக்க அரை அடி நன்னீர் தேவை. கரைந்த உப்பைக் கீழிறக்கிக் கழுவ அதற்கு மேலும் தேவை.

1953 வெள்ளத்தில் கடல் புகுந்த நெதர்லாந்து வயல்களை ஜிப்சம் போட்டுத்தான் மீட்டார்கள். வடிகாலுக்குப் பேர்போன நாடு அது. கடைமடையில் நமக்கு நன்னீரும் தாமதம், வடிகாலும் தூர்ந்து கிடக்கிறது. அதனால் சொல்கிறேன்: மண் பரிசோதனை செய்து ஜிப்சத் தேவையைக் கேட்டு வாங்குங்கள், மூட்டை இறக்குமுன் வடிகாலைத் தூர்வாருங்கள். ஊர் கூடிச் செய்ய வேண்டிய வேலை அது. ஒருவர் வயலிலிருந்து வடியும் உப்பு அடுத்தவர் வயலில் தேங்கினால், கணக்கு எங்கும் தீராது.

(அடுத்த வாரம்: ஒரு மூட்டை யூரியாவில் எத்தனை கிலோ தழைச்சத்து?)