50 மி.லி. கணக்கு

ஊற்றியது 50 மில்லிலிட்டர்தான். காபி டம்ளரில் பாதிகூட வராது. பவர் ஸ்டீயரிங் ஆயில் குறைந்திருந்தது. பானெட்டைத் திறந்தவன், அவசரத்தில் பக்கத்திலிருந்த பிரேக் ஆயில் டப்பாவில் அதை ஊற்றிவிட்டேன். மறுநாள் பிரேக் பிடித்தபடியே விடாமல் நின்றது; முன்சக்கரங்கள் தொட முடியாத சூடு. குறிப்பேட்டில் இருக்கும் செலவு இது:

மாஸ்டர் சிலிண்டர் – ரூ. 2,400
முன் காலிப்பர் ரப்பர் கிட், 2 – ரூ. 700
பின் வீல் சிலிண்டர், 2 – ரூ. 900
பிரேக் ஹோஸ், 2 – ரூ. 800
டப்பா மூடி, ரப்பருடன் – ரூ. 150
பிரேக் ஆயில், அரை லிட்டர் பாட்டில் 3 – ரூ. 750
கூலி – ரூ. 2,500

மொத்தம் ரூ. 8,200. ஒரு மில்லிலிட்டருக்கு 164 ரூபாய்.

பெயரில் 'ஆயில்' இருந்தாலும், நம் கார்களில் ஊற்றும் டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் எண்ணெயே அல்ல; கிளைக்கால் வகைத் திரவம். அதற்கென்றே செய்த ரப்பர், கனிம எண்ணெய் பட்டால் உப்பிவிடும். மாஸ்டர் சிலிண்டருக்குள் உப்பிய ரப்பர், திரவம் டப்பாவுக்குத் திரும்பும் சிறு துளையை அடைத்துக்கொள்ளும். அழுத்தம் இறங்க வழியில்லாததால் பிரேக் விடாது. ரப்பர் ஊறியபின் எத்தனை முறை ஃப்ளஷ் செய்தாலும் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

ஆனால் இதே தவறு 270 ரூபாயில் முடிந்திருக்கும். எண்ணெய் பிரேக் திரவத்தைவிட லேசானது, அதனுடன் கலக்காமல் மேலே மிதக்கும். பெடலை ஒருமுறைகூட மிதிக்காமல் 20 ரூபாய் சிரிஞ்சால் டப்பாவிலிருப்பதை முழுதும் உறிஞ்சி, துடைத்து, 250 ரூபாய் பாட்டிலை ஊற்றியிருந்தால் போதும். மீதி 7,930 ரூபாயும் நான் பெடலை மிதித்ததற்கான விலை.

டீசல் வண்டியில் பெட்ரோல் போட்டாலும் இதே கதைதான். சாவியைத் திருகாதவரை டேங்க்கை வடிக்கும் செலவோடு போகும். திருகிவிட்டால், டீசலின் வழவழப்பை நம்பி ஓடும் உயர் அழுத்தப் பம்ப் தேயத் தொடங்கும். அந்த உலோகத்தூள் இன்ஜெக்டர்வரை போய்ச் சேரும்.

கூலண்ட் விஷயத்தில் ஏமாற்றுவது வேறு கணக்கு. வகை தெரியாத கூலண்டை ஊற்றியவர்கள் "ஒருமுறை தண்ணி விட்டு அலசிட்டேன்" என்பார்கள். 5 லிட்டர் கொள்ளும் வண்டி என்று வைத்துக்கொள்வோம். ரேடியேட்டரைத் திறந்தால் 3 லிட்டர் வடிகிறது. என்ஜினுக்குள் 2 லிட்டர் தங்கிவிடுகிறது. தண்ணீர் நிரப்பி ஓட்டினால் உள்ளே பழையது 40 சதவீதம். இரண்டாம் முறை 16. மூன்றாம் முறையில்தான் 6.4. அலசத் தேவை 9 லிட்டர் டிஸ்டில்டு வாட்டர். ஒருமுறை மட்டும் அலசியவர், அந்தத் தண்ணீரை வடித்துப் புதுக் கூலண்ட் ஊற்றினாலும், 16 சதவீதம் பழையதை வைத்துக்கொண்டுதான் ஓட்டுகிறார்.

அடுத்த தவறு இன்னும் நுணுக்கமானது, பல ஒர்க்‌ஷாப்களிலும் பார்த்திருக்கிறேன். கடைசியாக வடித்தபின் பாதிக்குப் பாதி கலந்த ரெடிமேட் கூலண்ட் 3 லிட்டர் ஊற்றுவார்கள். அதில் கிளைக்கால் ஒன்றரை லிட்டர்தான். உள்ளே 2 லிட்டர் தண்ணீர் தங்கியிருப்பதால் மொத்தக் கலவையில் அது 30 சதவீதம் ஆகிவிடும். துருத் தடுப்பு மருந்தும் அதே அளவில் நீர்த்துப்போகும். நம் ஊரில் உறைபனிக் கவலை இல்லை, துருதான் கவலை. 2.5 லிட்டர் கலக்காத கூலண்டும் அரை லிட்டர் டிஸ்டில்டு வாட்டரும் ஊற்றினால்தான் 50 சதவீதம் வரும். நிறத்தை நம்ப வேண்டாம். பச்சை, சிவப்பு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும் வகைதான் சரி.

இப்படி நான்கு முறை வடித்ததில் சேர்வது 12 லிட்டர் கழிவு. அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும்; இனிப்பென்று நக்கும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். அதைத் தெருவில் ஊற்ற எனக்கு மனம் வருவதில்லை. 20 லிட்டர் கேனில் பிடித்து, மூடி, 'விஷம்' என்று எழுதி, கழிவு எடுப்பவர் வரும்வரை உயரத்தில் வைக்கிறேன்.